குழாயடியில் நூறு குடம்

ஊர்த் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுவது பூவாத்தாளின் வேலை. தினம் ஒரு மணி நேரம்தான் வரும், அதுவே ஊருக்குப் பற்றாது. புரமோட்டர் ஜெகதீசன் காரைவிட்டு இறங்காமலே அவளிடம், "என் நூறு வில்லாவுக்கும் இங்கிருந்துதான் தண்ணி விடணும். மேலிடத்துல பேசியாச்சு," என்றார்.

"விட்டுடலாங்க. வீட்டுக்கொரு குடம் வரிசையில வெக்கறதுதானுங்க ஊர் வழக்கம். வீட்டு நம்பரையும் எழுதிடுங்க."

"கம்பெனிப் பேரையும் எழுதறேன். ஊரே பாக்கட்டும்!"

ஞாயிற்றுக்கிழமை, 'இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்' என்ற விளம்பரத்தை நம்பி வீடு வாங்க வந்தவர்களின் வேன் குழாயடியில் நின்றது. அங்கே கம்பெனிப் பேரும் வீட்டு நம்பரும் எழுதிய நூறு குடங்கள் வரிசையாக இருந்தன.

"நாப்பத்திரண்டு நாங்க பாக்க வந்த வீட்டு நம்பராச்சே!" என்றார் ஒரு அம்மாள்.

"உங்க முறை வர வியாழக்கிழமை ஆகுங்க," என்றாள் பூவாத்தாள் பணிவாக. "அதுவரைக்கும் குடத்துக்கிட்டயே நில்லுங்க. ஆள் இல்லீன்னா அடுத்தவங்க புடிச்சுக்குவாங்க."

வேன்காரர் யாரும் சொல்லாமலே வண்டியைத் திருப்பினார்.