ஆளுக்கொரு எண்

வாரா வாரம் ஏதாவது ஒரு மென்பொருளில் இடப்பக்கம் இருந்த பொத்தானை வலப்பக்கம் நகர்த்திவிட்டு, அதற்குப் புரட்சி என்று பெயர் வைக்கிறார்கள். பல் துலக்குவதற்கு முன்பே அந்தப் புரட்சியைப் படித்துவிடுகிற ஆசாமி நான். அதனால் மேலக்குளத்தில் தொழில்நுட்ப ஆர்வலர் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உறுப்பினர்களின் அறிவைப் பார்த்த பிறகு, பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மன்றத்தில் நாலு பேர். ஜெராக்ஸ் கடை செல்லத்துரை தலைவர். உச்சிமாகாளி, ஞானராஜ், பட்டுராசா உறுப்பினர்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு போன் வாங்கினார்கள். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. நாலு பேருக்கும் அப்போது கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் போனை மின்விசிறிக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டு, மணி அடித்தால் ஏணி போட்டு ஏறிப் பேசினார்கள்.

அடுத்து கடவு எண். 'உங்கள் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று போன் கேட்டுக்கொண்டது. மன்றம் கூடியது.

"ஒருத்தன் எண்ணைப் போட்டா மத்த மூணு பேருக்கும் சொல்லக் கூடாதுல்லா? அப்புறம் நாம எப்படித் திறக்க?" என்றார் ஞானராஜ்.

செல்லத்துரை கண்ணை மூடி யோசித்தார். "எண்ணு நாலு, நாமளும் நாலு. ஆளுக்கு ஒண்ணு போடுவோம். ஒருத்தன் போடும்போது மத்தவன் சுவரைப் பாத்து நிக்கணும்."

இப்படியாக, நாலு பேரும் வரிசையில் நின்றால் மட்டுமே திறக்கும் போன் ஒன்று உலகத்துக்குக் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், அரை நிமிஷம் யாரும் தொடாவிட்டால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்கும் வழி கண்டார்கள். கொக்கியிலிருந்து போனை இறக்கி, முறை வைத்துத் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "செட்டிங்ஸில் போய் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாமே" என்றேன்.

"வெளியாள் பேச்சைக் கேட்டு செட்டிங்ஸை மாத்தாதீங்கன்னு பேப்பர்ல எழுதியிருக்கான் அண்ணாச்சி" என்றார் செல்லத்துரை. நான் டீயைக் குடித்தேன்.

அந்த ஒரே போனில்தான் ஆன்லைன் போர் விளையாட்டும் நடந்தது. செல்லத்துரை போனைப் பிடிப்பார். இடது கட்டைவிரல் உச்சிமாகாளி, வலது கட்டைவிரல் ஞானராஜ். பட்டுராசாவுக்கு "பின்னால ஆள் வரான்" என்று சொல்கிற வேலை. அரையிறுதியில், குண்டு மழைக்கு நடுவே, 'நீண்ட நேரம் விளையாடுகிறீர்கள், கண்களுக்கு ஓய்வு கொடுங்கள்' என்று திரையில் வந்தது. கொடுத்தார்கள். திரையைத் தடவியபடி நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நடுக்களத்தில் அசையாமல் நிற்கிறவனைப் பார்த்த எதிரிகள், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பதறி ஓடி, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். மன்றம் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

எதிரணி கீழக்குளம். பரிசு, விளையாட்டு வீரர்களுக்கென்றே செய்த சாய்வு நாற்காலி. அதற்கு இடம் வேண்டும் என்று மன்றத்தில் இருந்த ஒரே பெஞ்சை அன்றைக்கே பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு, நாலு பேரும் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். செல்லத்துரை மட்டும் அந்த நாற்காலியில் எப்படிச் சாய்வது என்று காற்றில் பழகி இரண்டு தடவை விழுந்தார். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று என்னிடமே கண்கலங்கிச் சொன்னார்.

இந்த நேரத்தில் பட்டுராசாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தமும் இறுதிப் போட்டியும் ஒரே நாள், ஒரே நேரம். போட்டியைத் தள்ளி வைக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார்கள். கடிதம் கிடைத்தது என்று தானாக ஒரு பதில் வந்தது. அதன் அடியில் 'இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று இருந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையிலேயே நாலு பேரும் போனைத் திறந்து, தடவத் தடவ மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். போட்டி தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. தடவும் முறை உச்சிமாகாளிக்கு. அவர் பந்தியில் உட்கார்ந்து வலது கையால் பொங்கலும் இடது கையால் போனுமாக நன்றாகத்தான் சமாளித்தார். சாம்பார் வாளியோடு வந்தவர் விடவில்லை. "போதும், போதும்" என்று உச்சிமாகாளி இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே நீட்டினார். சாம்பார் நின்றது. போன் பூட்டிக்கொண்டது.

மூவரும் மணவறைக்கு ஓடினார்கள். செல்லத்துரை மைக்கை வாங்கினார். "பெரியோர்களே, பாதுகாப்புக் காரணமாக எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பணும்."

ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று மண்டபமே திரும்பியது. நாதஸ்வரக்காரர்கள் திரும்பினார்கள், ஐயர் திரும்பினார், நானும் திரும்பினேன். மணப்பெண் வடிவு மட்டும் திரும்பவில்லை. 'தாலி ஏறும்வரை குனிந்த தலை நிமிரக் கூடாது' என்று அவளுடைய அத்தை சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் மடியில் இருந்த போன் அவளுடைய கண்ணுக்கு நேர் கீழே இருந்தது.

போன் திறந்தது. அந்த மகிழ்ச்சியில் அதை மேடையில் வைத்துவிட்டு, மூவரும் மாப்பிள்ளைக்கும் ஒருவருக்கொருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். போன் மறுபடி பூட்டிக்கொண்டது.

அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. பட்டுராசாவின் இரண்டு கையும் தாலிக்கயிற்றில். மூவரும் தங்கள் எண்ணைப் போட்டுவிட்டு, கடைசி எண்ணுக்காகப் போனை அவர் மடியில் வைத்தார்கள்.

"கயித்தை விட்டுட்டு ஒரே ஒரு அமுக்கு அமுக்குலே" என்றார் செல்லத்துரை.

"விட்டேள்னா நான் எழுந்து போயிடுவேன்" என்றார் ஐயர்.

பட்டுராசா இரண்டாவது முடிச்சில் இருந்தபோது, வடிவு குனிந்த தலை நிமிராமல் ஒரு விரலை நீட்டி, மாப்பிள்ளையின் ஏழாம் எண்ணை அமுக்கினாள். போன் திறந்தது. "போய் விளையாடுங்க, அட்சதை என் கண்ணுல விழுது" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்து நன்றி சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பார்கள். மன்றத்தினர் திடுக்கிட்டுப் போனார்கள். ஒரு கை மட்டும் தவறாமல் தடவிக்கொண்டிருந்தது.

"எண்ணு வெளிய போயிருச்சு. இந்தப் போன்ல இனி எப்படி விளையாட?" என்றார் ஞானராஜ்.

"யாரிடமும் சொல்லக் கூடாதுன்னுதான் இருக்கு. பொண்டாட்டி யாரோவா?" என்றார் மாப்பிள்ளை.

"அவ பார்த்தப்போ முதல் முடிச்சுகூட விழலையே" என்றார் உச்சிமாகாளி.

"அமுக்கினப்போ ஒண்ணு விழுந்திருச்சு. மூணாவதை என் தங்கச்சி போடணும்."

"அப்போ மூணுல ஒரு பங்கு பொண்டாட்டி" என்று தீர்ப்புச் சொன்னார் செல்லத்துரை. "மீதி ரெண்டு பங்கு வெளியாளு." ஐயரிடம் சாஸ்திரம் கேட்டார்கள். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வடிவை மன்றத்தில் சேர்ப்பது, எண்ணை ஐந்தாக்கி ஐந்தாவதை அவளே போடுவது, யாரிடமும் சொல்வதில்லை என்று அக்கினி சாட்சியாகச் சத்தியம் வாங்குவது. அக்கினி கைவசம் இருந்தது. மண்டபம் இன்னொரு தடவை திரும்பியது. எல்லாம் முடிந்து விளையாட்டைத் திறந்தபோது, ஆள் வராத காரணத்தால் கீழக்குளம் வென்றதாகத் திரையில் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. செல்லத்துரை சாயப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லாததால் விழுந்தார்.

போன வாரம் மன்றத்துப் பக்கம் போனேன். நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். போன் கொக்கியில் இருட்டாகத் தொங்கியது. ஆடி பிறந்ததும் வடிவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்களாம்.

"போன் பண்ணி எண்ணைக் கேட்க வேண்டியதுதானே?" என்றேன்.

"டீக்கடை போன்ல கேட்டோம் அண்ணாச்சி. சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல மாட்டேன்னு சிரிச்சிட்டு வச்சிட்டா." செல்லத்துரையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எப்பேர்ப்பட்ட பாதுகாப்பு பாத்தீங்களா. ஆடி முழுக்க ஒரு பயலால திறக்க முடியாது."

கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டு, கடவு எண்ணை ஆறு வரைக்கும் நீட்டலாமா என்று கேட்டார். ஞானராஜுக்குப் பெண் பார்க்கிறார்களாம். ஜாதகம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லையாம், தாய்வீடு மட்டும் மன்றத்துக்கு எதிர்த்த வீடாக இருக்க வேண்டுமாம்.