கற்றையைச் சுற்றி ஒரு வளையம்

குமரகுரு தன் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு ஹமீதாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்துவந்தார். ஹமீதா அவரை "சார்" என்பார். அவர் ஹமீதாவை "மேடம்" என்பார். கேன்டீனில், இதில் யாருக்கு யார் கைடு என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அன்று மடிக்கணினியை மூடாமலே தூக்கிக்கொண்டு ஹமீதாவின் அறைக்குள் வந்தார்.

"மேடம், வளையத்தைக் காணோம்."

காந்தங்களுக்கு நடுவே ஓடும் புரோட்டான் கற்றையிலிருந்து கொஞ்சம் துகள்கள் விலகி, அதைச் சுற்றி வளையமாகச் சேர்கின்றன. இது அவர் கணினியில் பாவனையாக ஓட்டிப் பார்த்துக் கண்டது. ஆய்வேடு முழுக்க அந்த வளையம்தான். இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

"எங்க போச்சு?"

"சீட் நம்பரை மாத்தினேன். போயிடுச்சு."

புறப்படும் இடத்தில் துகள்களைத் தாறுமாறாகத் தூவுவது கணினியின் வேலை. தூவத் தொடங்க அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். அதுதான் சீட். அதே எண்ணைக் கொடுத்தால் அதே தாறுமாறு அச்சுப் பிசகாமல் மறுபடி வரும்.

"இத்தனை வருஷமா மாத்தவே இல்லையா சார்?"

"ப்ரோகிராம்ல தப்பு தேட வசதியா இருக்கட்டும்னு ஒரே நம்பரை வெச்சிருந்தேன். தப்பெல்லாம் சரியாச்சு. நம்பர் அப்படியே தங்கிடுச்சு."

ஹமீதா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நேத்து சும்மா என் ஸ்கூட்டர் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். வளையம் இல்லை. பழைய நம்பர் போட்டா பளிச்சுனு வருது. அதே ப்ரோகிராம், அதே காந்தம். எதை மேடம் நம்பறது?"

"உங்களுக்கு எது வேணும்?"

"வளையம்தான்." சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது.

"பழைய நம்பர் என்ன?"

குமரகுரு தயங்கினார். "என் பொண்ணு பிறந்த தேதி."

"ஏன் அது?"

"ஏதோ ஒரு நம்பர் வேணுமே மேடம். அதுதான் வாயில வந்தது."

ஹமீதா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அவ மறுநாள் பிறந்திருந்தா?"

கேலி செய்கிறாரா, கேட்கிறாரா என்று தெரியவில்லை. குமரகுரு மறுநாள் தேதியைத் தட்டினார். கணக்கு ஓடியது. வெளியே யாரோ கிளம்பாத பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

திரையில் கற்றை வந்தது. அதைச் சுற்றி வளையம். முன்பு இருந்ததைவிடத் தெளிவாக.

அவருக்கு மூச்சு வந்தது. கூடவே குழப்பமும் வந்தது. இது வந்ததென்றால் அது ஏன் வரவில்லை? ஸ்கூட்டர் எண்ணைப் போட்டபோது வேறு எதையாவது மாற்றியிருப்போமோ? மாற்றவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இருக்கு மேடம். இருக்குல்ல?" என்றார். "அப்போ இதையே எழுதிடலாமா?"

ஹமீதா திரையருகே குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்கு சார்," என்றார். பிறகு கேட்டார்:

"அதுக்கு மறுநாள்?"