தறிக்குழியில் உட்கார்ந்த பிரதானி

வெள்ளம் வடிந்து பத்தாம் நாள், அரண்மனையில் பிரதானி சிவக்கொழுந்தார் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார். நெசவாளர் தெருவுக்கு நட்டமே இல்லையாம்.

“ஒரு தறிகூட ஆற்றோடு போகவில்லை மகாராஜா. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வழக்கம்போல வரியாகத் தறிக்கு இரண்டு வேட்டி பௌர்ணமிக்குள் வரட்டும். தராதவன் தறியைப் பிடுங்கிவிடலாம். பார்க்கப்போனால் அவர்களுக்கு லாபம்தான். நூல் அலச ஆற்றுக்கு நடந்தார்கள். இப்போது ஆறே வீட்டுக்கு வந்திருக்கிறது.”

ராஜா தலையாட்டினார். கடைசியாக யார் பேசினாலும் தலையாட்டுவது அவர் வழக்கம்.

சபையில் கேலி பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கும் தாண்டவனுக்கு இது பொறுக்கவில்லை. முந்தின நாள்தான் அந்தத் தெருவுக்குப் போய் வந்திருந்தான். அங்கே எல்லாம் குழித்தறி. தரையில் வெட்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு, மிதித்து மிதித்து நெய்ய வேண்டும். பள்ளங்கள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. “அடுப்பு பத்தி நாலு நாளாச்சு சாமி. தறி ஓடுனாத்தானே சோறு?” என்று நாச்சிமுத்து என்ற நெசவாளி கேட்டது இன்னும் அவன் காதில் இருந்தது.

தாண்டவன் எழுந்தான். “பிரதானி சொல்வதே சரி மகாராஜா. அந்த ஜனங்களுக்குத்தான் நெய்யத் தெரியவில்லை. நாளைக்கு இவரே தறியில் உட்கார்ந்து ஒரு சாண் நெய்து காட்டட்டும். அப்புறம் எவன் வாய் திறப்பான்?”

ராஜா அதற்கும் தலையாட்டினார்.

பிரதானி லேசுப்பட்டவரா? நாற்பது ஆட்களை முன்னதாகவே அனுப்பி, நாச்சிமுத்துவின் குழியைச் சுத்தமாக இறைக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் ராஜா வந்ததும், தொந்தியைத் தறிமரத்துக்கும் குழி விளிம்புக்கும் நடுவே திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பாருங்கள் மகாராஜா, சொட்டுத் தண்ணீர் உண்டா?”

“இல்லவே இல்லை,” என்றான் தாண்டவன். “நெய்வதற்கு முன்னால் வெள்ளத்தின் லாபங்களை இங்கே கூடியிருக்கும் நெசவாளர்களுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் ஐயா.”

பேசச் சொன்னால் பிரதானிக்குக் கரும்பு. ஆனால் ஊறிக் கிடந்த மண் சும்மா இருக்குமா? முதல் லாபத்தைச் சொல்லும்போது குழியில் கணுக்காலளவு ஊறியது. இரண்டாவதற்கு முழங்கால் நனைந்தது. மூன்றாவதில் தண்ணீர் மடித்துக் கட்டிய பட்டு வேட்டியைத் தொட்டது. ஒரு தவளை அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது.

பிரதானி எழப் பார்த்தார். தொந்தி விடவில்லை. “தூக்குங்கடா என்னை,” என்று அலறினார்.

தாண்டவன் பணிவாகக் கைகட்டி நின்றான். “எதற்குத் தூக்க வேண்டும் ஐயா? நீங்கள் ஆற்றோடு போகவில்லையே. இருந்த இடத்திலேயேதான் இருக்கிறீர்கள்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இந்த முறை யாரையும் கேட்காமல் அவரே பேசினார். “வேட்டி தள்ளுபடி. தறி ஓடும் வரை இந்தத் தெருவுக்குக் களஞ்சியத்து நெல். தாண்டவா, உனக்கு என்ன வேண்டும்?”

“இந்த ஒரு குழியை இறைத்த நாற்பது பேரும் மற்றக் குழிகளையும் இறைக்கட்டும் மகாராஜா. பிரதானியின் குழிக்கு மட்டும் கடைசியில் வரட்டும். ஐயா இன்னும் லாபத்தைச் சொல்லி முடிக்கவில்லை.”