குண்டுமணிக்குப் பொட்டு வந்த கதை

அந்தக் காலத்தில், புல்லும் பூச்சியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, நாகணம்மா என்றொரு மைனா சந்தையில் தானியக் கடை வைத்திருந்தாள். சொன்ன சொல் மாறாதவள்.

திடீரென்று புலிராஜாவுக்கும் கரடிராஜாவுக்கும் சண்டை மூண்டது. இருந்த செப்புக்காசையெல்லாம் உருக்கி ஈட்டிமுனை செய்துவிட்டார்கள். சந்தையில் மருந்துக்குக்கூடச் சில்லறை இல்லை. மீதிச் சில்லறைக்குப் பதிலாக நாகணம்மா வறுகடலை கொடுத்துப் பார்த்தாள். வாங்கியவர்கள் போகிற வழியிலேயே தின்றுவிட்டு, "என் மீதி எங்கே?" என்று திரும்பி வந்து நின்றார்கள். நல்ல கூத்து!

கடை வேலியில் குண்டுமணிக் கொடி படர்ந்திருந்தது. அப்போதெல்லாம் குண்டுமணி முழுச் சிவப்பு. விஷமென்று ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். "அப்பாடா, இதுதான் சரி!" என்று நாகணம்மா அதைப் பறித்து, விளக்குக் கரியால் பொட்டு வைத்துக் கொடுத்தாள்.

"சண்டை முடிந்ததும் கொண்டுவாருங்கள். பொட்டு மணி ஒன்றுக்கு ஒரு பிடி தினை. இது என் வாக்கு."

சண்டை முடிந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மணி மூட்டையோடு பொன்னாத்தா என்ற எறும்பு வந்தாள். பொட்டெல்லாம் கரைந்துபோயிருந்தது.

"அக்கா, மழைக்காலம் முழுக்க என் பிள்ளைகளுக்கு இதற்குக் கிடைக்கிற தினைதான் சோறு."

அவளுக்குப் பின்னால் காக்கையும் ஒரு குவியல் சிவப்பு மணியோடு நின்றது. அதுவும் நனைந்திருந்தது. எது கடையில் கொடுத்தது, எது வேலியில் பறித்தது? நாகணம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லாருக்கும் கொடுத்தால் குதிர் காலி. மறுத்தால் பொன்னாத்தா பிள்ளைகள் பட்டினி, வாக்கும் போச்சு.

"பொய் சொல்கிறவன் பாவம் அவனோடு" என்று வந்தவர்களுக்கெல்லாம் அளந்து போட்டாள். கடைசியில் குதிரில் தூசிதான் மிச்சம். பாவம், உட்கார்ந்து அழுதாள்.

கொடிக்குப் பொறுக்கவில்லை. "என் மணியால்தானே உனக்கு இந்தக் கதி? இனி மழையே அழிக்காத பொட்டை நானே வைக்கிறேன், பார்!" என்று நனைந்த மூட்டைகளிலிருந்து வடிந்து வாசலில் ஓடிய கரித்தண்ணீரை வேரால் உறிஞ்சிக்கொண்டது.

மறுபருவத்தில் நெற்று வெடித்தது. ஒன்று விடாமல் எல்லா மணிக்கும் பொட்டு!

நாகணம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடி பைத்தியமே, எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டால் என் மணி எது, வேலி மணி எது?" சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

அன்று முதல்தான் குண்டுமணிக்குக் கறுப்புப் பொட்டு. அதற்கு ஒரு பிடி தினைகூட எவரும் தரவில்லை, ஆனால் வாக்குத் தவறாதவள் கைப்பட்ட மணியாயிற்றே என்று தட்டார் மட்டும் பொன்னை நிறுக்க அதைத்தான் தராசில் வைத்தார்.