கடைசி அறையின் ஒயர்

பஞ்சாலைகள் நிறைந்த ஓர் ஊர். அங்கே யார் வேண்டுமானாலும் ஜாதகம் பார்க்கலாம், கல்யாணத்துக்குச் சமைக்கலாம், ஊர்ப் பஞ்சாயத்துப் பேசலாம். ஏனென்று கேட்க ஆளில்லை. ஒரு கட்டடத்தில் தீ அலாரம் மாட்ட வேண்டுமென்றால் மட்டும் உரிமம் வேண்டும்.

அந்த உரிமம் லேசில் கைக்கு வராது. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவரிடம் மூன்று வருஷம் வேலை செய்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் பத்து விரலையும் மையில் உருட்டி, நல்லவன் என்று சான்று வாங்க வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். எல்லாம் ஆன பிறகு, வேலை கொடுத்தவர் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'இவர் வேலையை நேரில் சோதித்துப் பார்த்தேன்' என்று அங்கே ஒரே ஒரு வரி இருக்கும். முக்கால்வாசிப் பேர் அந்த வரியில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நாச்சிமுத்துவுக்கு அந்த வரி ஒன்றுதான் பாக்கி.

வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லை மூடியதும் பூங்கோதையிடம் வந்து சேர்ந்தார். ஊரில் அலாரம் உரிமம் வைத்திருந்த ஐந்து பேரில் பூங்கோதை ஒருவர். வயது முப்பத்தாறு. நாச்சிமுத்துவின் மூத்த மகளைவிட நாலு வயதுதான் கூட.

சேர்ந்த அன்றைக்கே நாச்சிமுத்து கேட்டார்.

"பன்னெண்டு வோல்ட்டுங்க அம்மணி. நாக்குல வெச்சாக்கூடக் குழந்தை சிரிக்கும். இதுக்கு எதுக்குங் லைசென்ஸு?"

கேட்டுவிட்டு வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு தழும்பு, தோல் சுருங்கி வெளுத்துக் கிடந்தது.

"இதா, நானூத்தி நாப்பது வோல்ட் போட்டுக் குடுத்த முத்திரை. இதுக்கு மேல என்னங்க லைசென்ஸு?"

பூங்கோதை அந்தக் கையைப் பார்த்தார்.

"அந்த ஒயரைக் கொஞ்சம் இழுத்துப் புடிங்ணா" என்றார்.

மூன்று வருஷத்தில் நாச்சிமுத்து இதே கேள்வியை முப்பது தடவையாவது கேட்டிருப்பார். ஒரு தடவைகூடப் பதில் வரவில்லை. ஏதாவது ஒரு வேலைதான் வந்தது.

ஆனால் அந்த அம்மணியின் வேலையில் ஒன்று அவரை அசத்திப் போட்டது. பொதுவாக வேலை முடிந்தால் எலக்ட்ரீஷியன் ஸ்விட்சைப் போடுவான், விளக்கு எரியும், டீ வரும். பூங்கோதை அப்படியில்லை. வேலை முடிந்ததும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் கடைசி அறைக்குப் போவார். காலையிலிருந்து தன் கையால் இழுத்த ஒயரைத் தன் கையாலேயே வெட்டுவார். கீழே அலாரம் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரியும், 'கீ' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் பூங்கோதையின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மறுபடி ஒயரைச் சேர்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

தன் வேலையைத் தானே வெட்டிப் பார்க்கிற ஆளை நாச்சிமுத்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வீட்டில் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

மூன்றாம் வருஷம் முடிகிற சமயம் ஒரு வேலை வந்தது. மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கான விடுதி. மூன்று மாடி. கீழே பஞ்சு மூட்டை அடுக்கிய கிடங்கு, மேலே அறுபது பெண்கள்.

"இதை நீங்களே தனியாச் செய்யுங்ணா" என்றார் பூங்கோதை.

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டார். 'நாச்சிமுத்து அலாரம் சர்வீஸ்'. கீழே 'உரிமம் எண்' என்று எழுதி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பலகை வீட்டில் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. விண்ணப்பம் வாங்குவது வருஷத்துக்கு இரண்டு தடவைதான். இந்தத் தடவைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, ஐந்து மணி.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லா ஒயரும் இழுத்து முடிந்தது. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தை ஒயர் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசி அறையில், ஒயரின் கோடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மின்சாரம் அதைத் தொட்டுத் திரும்பி வந்தால் வழி முழுக்கச் சரி என்று பெட்டி பச்சை காட்டும். வராவிட்டால் மஞ்சள்.

நாச்சிமுத்து முதல் அறையிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினார். நாலு மணி நேரம் தேடினார். ஒயர் பார்க்க முழுசாகத்தான் இருந்தது. விடுதிக் காப்பாளர் வேறு, "என்னங்க, இன்னும் முடியலீங்களா?" என்று மூன்று தடவை வந்து கேட்டார்.

அப்புறம் அவர் கை அந்தக் காரியத்தைச் செய்தது. கடைசி அறைக்குப் போய் அந்த அரிசி மணியைக் கழற்றினார். கீழே வந்து பெட்டிக்குள்ளேயே மாட்டினார்.

பெட்டி அனுப்பிய மின்சாரம் பெட்டியை விட்டு வெளியே போகாமலே திரும்பி வந்தது. விளக்கு அழகாகப் பச்சை ஆனது. திங்கட்கிழமை வந்து ஒழுங்காகச் சரி செய்துவிடலாம் என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம் எல்லோருக்கும் அப்படி ஒரு திங்கட்கிழமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பத்தோடு பூங்கோதையின் கடைக்குப் போனார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க. பச்சை எரியுது."

பூங்கோதை விண்ணப்பத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பேனாவை எடுத்தார். 

"நேரில் சோதித்துப் பார்த்தேன்னு போட்டிருக்குதுங்ணா. நான் இன்னும் பாக்கலையே" என்று பேனாவை மூடினார் பூங்கோதை. "வாங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்."

விடுதியில் காப்பாளர் டீ கொடுத்தார். பூங்கோதை பெட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"மூணாவது மாடி, கடைசி ரூம். வெட்டிட்டு வாங்ணா."

நாச்சிமுத்து படியேறினார். வெட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். கீழே பச்சை பச்சையாகவேதான் எரியும். ஒயர் சரியில்லை என்பதா, பெட்டி சரியில்லை என்பதா என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பொய்யை யோசித்தார். ஒன்றும் உருப்படியாக அமையவில்லை.

கடைசி அறையில் ஐந்து பெண்கள் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள். ஒரு பெண் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். தெற்கத்திப் பெண், பேச்சியம்மாள் என்று பெயர். ஒயர் இழுத்த நாட்களில் அவருக்குப் பழக்கம்.

"வாங்க அண்ணாச்சி. மெதுவாப் பேசுங்க, எல்லாரும் இப்பந்தான் கண்ணசந்தாளுவ."

"நீ தூங்கலையா?"

"எனக்கு உறக்கம் வரல. நேத்து லீவுல்லா, ராத்திரி பூராத் தூங்கிட்டேன். மூணு வருசத்துல முதத் தடவ."

"ஏன்? முன்னாடி என்ன?"

"கீழ பஞ்சுல்லா கெடக்கு? தீப்பிடிச்சா மேல உள்ளவளுக்கு எப்படித் தெரியும்? அதனால ராத்திரி ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டு முழிச்சிருப்போம். நேத்துதான் காப்பாளரு சொன்னாவ, அண்ணாச்சி பெட்டி மாட்டிட்டாவ, பச்சை எரியுது, இனி யாரும் முழிக்காண்டாம்னு." அவள் சிரித்தாள். "ராத்திரி இங்க இருந்த அத்தன பேரும் படுத்த படுக்கையில உறங்கிட்டோம்."

நாச்சிமுத்து சுவரைப் பார்த்தார். ஒயர் நேராக, பார்க்க லட்சணமாக ஓடியது. அதன் கோடியில் அரிசி மணி இல்லை.

அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. தழும்பு விழுந்த அன்றைக்குக்கூட அவருக்குக் கண் கலங்கவில்லை.

வெட்டாமல் கீழே இறங்கி வந்தார்.

பூங்கோதை விளக்கைப் பார்த்தபடியே இருந்தார்.

"வெட்டிட்டீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்ணா?"

"வெட்டினாலும் பச்சைதானுங்க எரியும்." நாச்சிமுத்து பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ரெசிஸ்டரைத் தொட்டுக் காட்டினார். "இதைக் கொண்டாந்து இங்க போட்டுட்டேன்."

காப்பாளர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பூங்கோதை டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மீட்டரை எடுங்ணா. தேடலாம்."

"எல்லா ரூமும் தேடிட்டனுங்க."

"எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?"

"மொத ரூம்லிருந்து."

"நடுவுல இருந்து ஆரம்பிக்கலாம்."

பூங்கோதை ஒயரைப் பாதியில் பிரித்து மீட்டரை வைத்தார். பெட்டிப் பக்கத்துப் பாதி நல்லது. மிச்சப் பாதியை மறுபடி பாதியாக்கினார். அதிலும் பாதி. ஒவ்வொரு இடத்திலும் நாற்காலி போட்டு ஏற வேண்டும், பிரிக்க வேண்டும், சேர்க்க வேண்டும். மூன்று மணிக்கு, மூன்றாம் மாடி நடையில் இரண்டே முழ ஒயருக்கு வந்து நின்றார்கள்.

அதில் ஒயரைச் சுவரோடு பிடிக்கும் ஒரு கிளிப் ஆணி இருந்தது. பூங்கோதை அதைப் பிடுங்கினார். அடியில் ஒயர் தட்டையாக நசுங்கியிருந்தது. மேல் தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்து போயிருந்தது.

"ஆணி அடிச்சது யாருங்ணா?"

"நான்தானுங்க." நாச்சிமுத்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மில்லில் கட்டைவிரல் தண்டி கேபிளுக்கு அடித்துப் பழகிய கை. மூன்று வருஷமாகியும் அந்த அடி மாறவில்லை. "மில்லு அடிங்க இது."

ஒயரைச் சேர்த்தார். ரெசிஸ்டரைக் கோடியில் மாட்டினார். பூங்கோதை போதும் என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு கிளிப்பாகப் பிடுங்கி, மூன்று மாடிக்கும் புதிதாக அடித்தார். சுத்தியலைத் தூக்காமல், குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் தட்டினார். பூங்கோதை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இடையில் ஒரு தடவை மணி பார்த்தார். நாச்சிமுத்து பார்க்கவில்லை.

கடைசியாக மேலே போய் ஒயரை வெட்டினார்.

கீழே பெட்டி 'கீ' என்று கத்தியது. பேச்சியம்மாள் ஓடி வந்தாள், தூங்கி எழுந்தவர்கள் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்தார்கள். கீழேயிருந்து பூங்கோதையின் குரல் கேட்டது.

"மஞ்சளுங்ணா!"

முகம் தெரியாவிட்டாலும் அந்த அம்மணி சிரிக்கிறார் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. இப்போது ஏன் அந்தச் சிரிப்பு வரும் என்பதும் தெரிந்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் ஒயரைச் சேர்த்தார்.

வெளியே வந்தபோது மணி ஐந்தே முக்கால். உரிம அலுவலகம் பூட்டியிருக்கும். அடுத்த தடவை ஆறு மாதம் கழித்து.

பூங்கோதை வண்டி சீட்டின் மேல் விண்ணப்பத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைய தேதியையும் போட்டார்.

"ஆபீஸ் மூடியாச்சுங்களே அம்மணி."

"அது அவங்க நேரமுங்ணா. நான் பாத்தது இன்னைக்கு."

நாச்சிமுத்து காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். 

"காலையிலயே உங்களுக்குத் தெரியுமுங்களா? நான் ஏமாத்தினது?"

"தெரியாதுங்ணா. தெரியாததாலதான் வந்தேன்."

அந்தப் பதிலைக் கேட்டு நாச்சிமுத்து தலையை ஆட்டினார். அவருக்கு மனசு கேட்கவில்லை. பழைய கேள்வி மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை குரல் வேறாக இருந்தது.

"மூணு வருஷமாக் கேக்கறேன். வெறும் பன்னெண்டு வோல்ட்டு. இதுக்கு எதுக்குங்க அம்மணி லைசென்ஸு?"

வண்டியில் ஏறப் போன பூங்கோதை திரும்பினார்.

"அந்தக் கையைக் காட்டுங்ணா."

நாச்சிமுத்து வலது கையை விரித்தார்.

"இது எப்படி ஆச்சு?"

"ப்யூஸைப் புடுங்காமக் கை வெச்சுட்டனுங்க. தப்பு என்னுதுதானுங்க."

"அப்புறம் அந்தத் தப்பை எப்பவாச்சும் பண்ணினீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. அதான் அன்னைக்கே சுட்டுச் சொல்லிடுச்சே."

மூன்றாம் மாடி ஜன்னலில் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் கையசைத்தாள். பூங்கோதையும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க பண்ணினது உங்களைச் சுட்டுச்சுங்களாண்ணா?"

நாச்சிமுத்து விரித்த கையை மெல்ல மூடிக்கொண்டார்.