பாவாயி கொண்டுவந்த நிலம்

உழவர் சந்தைக் கூடத்துக்குள் கால் வைக்க இடமில்லை. மின்விசிறி ஒன்றும் ஓடவில்லை, பாவாயியின் கீரை வாடிக்கொண்டிருந்தது. அவளை விற்கவிடாமல் எதிரே நின்றார் சந்தை அதிகாரி தண்டபாணி. வாசலை ஒட்டிய அவள் கடைமேல் அவருக்குக் கண். அதில் உட்கார அவர் மச்சான் சென்னியப்பன் மாதுளைக் கூடையோடு தயாராக நின்றான்.

"இங்க விவசாயிங்க மட்டும்தான் விக்கலாம். நீ விவசாயின்னு என்ன அத்தாட்சி?"

பாவாயி அடையாள அட்டையை நீட்டினாள்.

"அட்டையை யாரு வேணா வாங்கலாம். உன் நிலத்தைக் கொண்டாந்து காட்டு! பத்து நிமிஷம் தர்றேன். இல்லைன்னா கடையைக் காலி பண்ணு!"

"சீக்கிரம் முடிங்கப்பா, பஸ் போயிரும்!" என்று பையை ஆட்டிக்கொண்டு கத்தினார் ஒருவர்.

"பத்து நிமிஷம் எதுக்குங்க?" என்ற பாவாயி, ஒரு கட்டுக் கீரையை எடுத்து தண்டபாணி கையிலிருந்த பதிவேட்டின்மேல் வேரை உதறினாள். பொலபொலவென்று செம்மண் கொட்டியது. "இதுதானுங்க என் நிலம். மிச்சம் இந்த நூறு கட்டுலயும் இருக்குதுங்க. கொட்டட்டுங்களா?"

கூட்டம் சிரித்தது. தண்டபாணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் மச்சானும் விவசாயிதான்! சொந்தத் தோட்டத்து மாதுளை!"

பாவாயி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். அதில் கம்பெனி ஸ்டிக்கர் மின்னியது.

"ஏனுங்கண்ணா, உங்க தோட்டத்துல காய்க்கும்போதே ஸ்டிக்கரோடதான் காய்க்குதுங்களா? எனக்கும் ஒரு பதியன் போட்டுக் குடுங்க!"