வாளியில் முக்கியெடுத்த ஷூ

விளையாட்டு விடுதியின் குழாயடியில் செல்லக்கனி ஓட்டக்காரப் பிள்ளைகளின் ஷூக்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் குணசீலன் புது ஷூவும் கையுமாகப் பிரின்ஸியைத் திட்டிக்கொண்டே வந்தார். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடுகிற போட்டி அவளுக்கு மறுநாள்.

"இது நூற்றெண்பது கிராம்! உன் பழசு இருநூற்றுப் பத்து. இதைப் போடலேன்னா நீ ஓடவே வேண்டாம்."

பிரின்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லக்கனி மெல்ல வாயைத் திறந்தாள். "பழசுதான் சார் லேசு."

"ஷூ கழுவுறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? தராசுல காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

சமையற்கட்டுத் தராசு வந்தது. செல்லக்கனி பழசில் ஒன்றையும் புதுசில் ஒன்றையும் வாளித் தண்ணீருக்குள் முக்கினாள்.

"அடியே, புது ஷூ!"

"கடல்ல நனைஞ்ச உடுப்போடதான சார் கடைசிவரை ஓடுறாங்க? வெயிலுக்குத் தலையில வேற தண்ணி ஊத்திக்கிறாங்க. எல்லாம் ஷூவுக்குள்ளதான இறங்கும்?"

தூக்கி, வடியவிட்டு, நிறுத்தாள். அடியில் துளைகள் இருந்த பழசு இருநூற்று நாற்பதில் நின்றது. உள்ளே பஞ்சு வைத்த புதுசு முந்நூறைத் தாண்டிப் போனது.

பிரின்ஸி தன் பழசை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உனக்கெப்படி இது தெரியும்?" என்றார் குணசீலன், குரல் இறங்கி.

"தினமும் பிழியுற கைக்குத் தெரியாதா சார்? இருக்கிறதுலயே ரொம்பத் தண்ணி குடிக்கிறது, நீங்க இப்போ போட்டிருக்கிற..."

"செல்லக்கனி! உன் பாப்பா முழிச்சிட்டா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஈரக்கையோடு ஓடினாள்.

குணசீலன் வாளியைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.